செத்த விண்மீனுக்கு ஏன் இத்தனை வேகம்? மொட்டைமாடியில் கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு முறை, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவு, தெருக்காரர்கள் ஏறி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான்; கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தை மாதத்தில் நண்டு நெபுலாவை, அதாவது வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றின் வாயு மேகத்தைக் காட்டும்போது, "இதற்கு நடுவில் ஒரு செத்த விண்மீன் நொடிக்கு முப்பது முறை சுற்றிக்கொண்டிருக்கிறது" என்று வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு முறை சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

விண்மீன் சாவது என்றால் என்ன?

விண்மீன் தன் எடையாலேயே எந்நேரமும் உள்நோக்கி விழப் பார்க்கிறது. உள்ளே நடக்கும் அணுக்கரு இணைவின் வெப்பம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் தாங்க ஆளில்லை, நடுப்பகுதி சுருங்குகிறது. எதுவரை சுருங்கும் என்பது எடையைப் பொறுத்தது. சூரியனைப் போன்றவை பூமி அளவுக்குச் சுருங்கி வெண்குறுமீனாக நின்றுவிடும். அப்படி நிற்பதற்கும் ஒரு வரம்பு உண்டு: சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடை. அதைக் கணக்கிட்டவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போது, பத்தொன்பது வயதில், அந்தக் கணக்கைத் தொடங்கினார்.

பிறக்கும்போதே சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீனின் இரும்புக் கரு அந்த வரம்பைத் தாண்டும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இடிந்து விழும். வெளிப்பகுதி சூப்பர்நோவாவாகச் சிதறும். நடுவில் மிஞ்சுவது நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட அதிக எடை, ஆனால் குறுக்களவு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர்தான். திருநெல்வேலிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில் வைத்துவிடலாம். ஒரு தேக்கரண்டி அள்ளினால் 100 கோடி டன்னைத் தாண்டும். அதைவிடக் கனமான கரு, ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளையாகிவிடும்.

அதை யார் சுற்றிவிட்டார்கள்? வெடித்த வேகமா?

முக்கியமான காரணம் வெடிப்பு அல்ல. விண்மீன் பிறந்தபோதே சுற்றிக்கொண்டுதான் பிறந்தது. வாயு மேகம் ஒன்று திரண்டுதான் விண்மீன் ஆகிறது. அந்த மேகத்தில் ஒரு பக்கம் இப்படியும் மறுபக்கம் அப்படியும் ஓட்டம் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மிச்சம் சரியாகப் பூஜ்யம் என்று வருவது அபூர்வம். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது படித்துறை ஓரத்தில் சுழல் விழுகிறதே, அதை யாராவது சுற்றிவிட்டார்களா? வெடிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து உதைத்தால் கொஞ்சம் சுழற்சி கூடவும் குறையவும் செய்யலாம், அவ்வளவுதான்.

சுருங்கினால் வேகம் ஏன் கூட வேண்டும்?

புத்தகங்களைத் திறந்தால் பனிச்சறுக்கு ஆடும் பெண் ஒருத்தி கைகளை மடக்கிக்கொண்டு விர்ரென்று சுற்றுவாள். நமக்குப் பனி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு மட்டும்தான். அதனால் நான் தெருமுனை சலூனுக்குப் போனேன்.

அங்கே சுழல் நாற்காலி ஒன்று உண்டு. எண்ணெய் போட்டு நன்றாகச் சுற்றும். ஒரு பையனை உட்காரவைத்து, கைக்கு ஒரு செங்கல் கொடுத்து, கைகளை அகல நீட்டச் சொல்லி மெதுவாகச் சுற்றிவிட்டேன். "இப்போது நெஞ்சோடு சேர்" என்றதும் சேர்த்தான். நாற்காலி பறந்தது. பையன் மிரண்டுபோய் ஒரு செங்கல்லை விட்டுவிட்டான். சலூன்காரரின் பெரிய கண்ணாடிக்கு நான்தான் பணம் கொடுத்தேன். இப்போது தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்தான் கொடுக்கிறேன்.

சுழலும் பொருளின் ஒவ்வொரு துணுக்குக்கும் மூன்று எண்களைப் பெருக்கிப் பாருங்கள்: அதன் நிறை, ஓடும் வேகம், அச்சிலிருந்து அது இருக்கும் தூரம். எல்லாத் துணுக்குகளுக்கும் கூட்டினால் வருவதுதான் கோண உந்தம். வெளியிலிருந்து எதுவும் திருகாதவரை அந்தக் கூட்டுத்தொகை மாறாது. நிறை மாறவில்லை, தூரம் பாதியாயிற்று என்றால், வேகம் இரு மடங்காகத்தான் வேண்டும். இதோடு முடியவில்லை. தூரம் பாதியானால் ஒரு சுற்றுக்கு ஓட வேண்டிய வட்டமும் பாதி. பாதி வழியை இரட்டை வேகத்தில் ஓடினால் சுற்றுகளின் எண்ணிக்கை நான்கு மடங்கு. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் நூறு மடங்கு. வர்க்கமாகப் பெருகுவதுதான் இதில் உள்ள மாயம். பையனின் கைகள் மட்டும்தான் உள்ளே வந்தன; உடம்பு அப்படியே இருந்தது. அதனால் இரண்டு மூன்று மடங்கோடு நின்றது. விண்மீனில் முழு உடம்பும் உள்ளே வருகிறது.

தட்டாமாலை சுற்றும்போதும் இதுதானா?

ஆமாம். இருவர் கைகோத்துச் சுற்றும்போது இழுத்து நெருங்கினால் வேகம் கூடும், தலையும் கிறுகிறுக்கும். கல்லூரி மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. கண்ணாடி உடையாத இந்த உதாரணம் எனக்கு முன்பே தோன்றியிருக்கலாம்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சூரியனை எடுத்துக்கொள்வோம். ஆரம் ஏறக்குறைய 7 லட்சம் கிலோமீட்டர். நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாள். இதை 10 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக நசுக்கிவிட்டோம் என்று வையுங்கள். (சூரியனுக்கு இது நடக்காது, கணக்குக்காகச் சொல்கிறேன்.) ஆரம் 70,000 மடங்கு குறைகிறது. அதன் வர்க்கம் 490 கோடி. 25 நாளுக்கு 21,60,000 நொடி. வகுத்தால் ஒரு சுற்றுக்கு 0.00044 நொடி, அதாவது நொடிக்கு 2,000 முறைக்கு மேல். பணகுடிப் பக்கத்தில் பெரிய காற்றாலைகள் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை சுற்றுவதை நின்று பார்த்துவிட்டு வந்து இந்த எண்ணைப் படியுங்கள்.

அப்படியானால் நண்டு நெபுலாவில் இருப்பது நொடிக்கு முப்பது முறைதானே சுற்றுகிறது? கணக்கு இடிக்கிறதே?

இதைக் கேட்டது பக்கத்து வீட்டில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே இதுதான் நல்ல கேள்வி. பல நூல்கள் "சுருங்கினால் வேகம் கூடும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. அது பாதிக் கதை. செத்த விண்மீன் ஏன் வேகமாகச் சுற்றுகிறது என்பது பழைய புதிர். கணக்குச் சொல்லும் அளவுக்கு வேகமாக ஏன் சுற்றவில்லை என்பதுதான் ஆய்வாளர்களை இன்றும் உட்காரவைத்திருக்கும் புதிர்.

முதலில், முழு விண்மீனும் சுருங்குவதில்லை. இடிந்து விழுவது இரும்புக் கரு மட்டும். அதன் ஆரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். அது 12 கிலோமீட்டர் ஆனால் ஏறக்குறைய 167 மடங்கு சுருக்கம், வர்க்கம் 28,000. நண்டு நெபுலா விண்மீன் பிறந்தபோது ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு வாக்கில் எடுத்துக்கொண்டது என்று மதிப்பிடுகிறார்கள். பின்னோக்கிப் பெருக்கினால் இடிவதற்கு முன்பு அந்தக் கரு ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிடம் எடுத்திருக்க வேண்டும். அது மந்தம். சாகும் முன் அந்தக் கரு ஏற்கெனவே பல கட்டமாகச் சுருங்கியிருக்கிறது. அதற்கு ஏற்ப எப்போதோ வேகம் பிடித்திருக்க வேண்டும். காந்தப்புலத்தைச் சேர்க்காமல் கணினியில் ஓட்டிப் பார்த்தால், பிறக்கும்போதே நொடிக்கு ஆயிரம் முறை வாக்கில் சுற்றும் நியூட்ரான் விண்மீன்தான் வருகிறது.

மிச்சச் சுழற்சி எங்கே போயிற்று? கூட்டுக்குடும்பத்துக்குள் போயிற்று. வயதான விண்மீனின் கரு சுருங்கிச் சுருங்கி வேகம் பிடிக்கிறது. மேலுறையோ நூறு மடங்கு ஊதிப் பெருத்துச் சோம்பிவிடுகிறது. இரண்டையும் காந்தப்புலக் கோடுகள் கயிறு போலக் கட்டியிருக்கின்றன. உள்ளே இருப்பவன் ஓட ஓட, கயிறு முறுக்கிக்கொண்டு வெளியே இருப்பவனையும் இழுக்கிறது. சம்பாதிக்கிற பிள்ளை மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புவது போலக் கரு தன் சுழற்சியை மேலுறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேலுறை அதை விண்மீன் காற்றாக வெளியே வாரி இறைத்துவிடுகிறது. கரு இடிந்து விழும் நாளில் கையிருப்பு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கே நொடிக்கு ஐம்பது சுற்று!

இது வெறும் ஊகமும் அல்ல. விண்மீனின் மேற்பரப்பு நடுங்குவதை அளந்து உள்ளே நடப்பதை அறிய முடியும், நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் உள்ளே பார்ப்பதைப் போல. கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு 2012இல் சில செம்பெரு விண்மீன்களின் (வயதாகி ஊதிச் சிவந்தவை) கரு, மேற்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுற்றுவதைக் கண்டார்கள். பத்து மடங்கு என்பது பெரிதாகத் தோன்றும். சுழற்சியைப் பகிராமல் இருந்திருந்தால் வித்தியாசம் இதைப் போலப் பல மடங்கு இருந்திருக்கும்.

வெண்குறுமீன்களிலும் அதே கதை. சூரியனைப் பூமி அளவுக்கு நசுக்கினால் கணக்குப்படி மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று வர வேண்டும். உண்மையில் அளக்கப்பட்ட தனி வெண்குறுமீன்களில் பெரும்பாலானவை சில மணி நேரம் முதல் சில நாள் வரை எடுத்துக்கொள்கின்றன. கயிறுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, எவ்வளவு இழுக்கின்றன என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. வங்கிக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "ஆக, பற்று எழுதாமல் வரவை மட்டும் எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

வேகம் கூடினால் ஆற்றலும் கூடுமே. அது யார் வீட்டுப் பணம்?

ஈர்ப்பின் பணம். கோண உந்தம் மாறுவதில்லை. சுழற்சியின் ஆற்றல் கூடுகிறது. சலூன் பையனைக் கேட்டால் சொல்வான்: செங்கற்களை உள்ளே இழுக்கும்போது அவை வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தன, அவன் தசைகள் உழைத்தன. அந்த உழைப்புத்தான் கூடுதல் ஆற்றலாயிற்று. விண்மீனில் தசையின் வேலையை ஈர்ப்பு செய்கிறது. அதுவும் கைச்சில்லறைதான். இடிவில் வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 99 சதவீதம், எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்ற நுண்துகள்களாகப் பறந்துவிடுகிறது.

சுற்றுகிறது என்று எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தார்களா?

துடிப்பைக் கேட்டார்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். 1.337 நொடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் தோற்றது. பச்சை மனிதர்கள் அனுப்புகிறார்களோ என்று பாதி வேடிக்கையாகப் பெயர்கூட வைத்தார்கள். 1974இல் நோபல் பரிசு அவருடைய ஆசிரியர் ஆண்டனி ஹூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்கு இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

துடிப்பு ஏன் சுழற்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கான வாதம் அழகானது. விண்மீன் நெஞ்சுபோல விம்மித் தணிவதாக வைத்துக்கொண்டால், வெண்குறுமீனுக்கு அது மிக வேகம். நியூட்ரான் விண்மீனுக்கு மிக மெதுவு. சாதாரண வெண்குறுமீன் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், எட்டு நொடிக்கு ஒரு சுற்று வாக்கிலேயே அது பிய்ந்து சிதறிவிடும். 1968இல் நண்டு நெபுலாவில் நொடிக்கு முப்பது துடிப்பு கண்டுபிடிக்கப்பட்டதும் மற்ற ஆட்கள் எல்லோரும் வரிசையிலிருந்து விலக, நியூட்ரான் விண்மீன் மட்டும் நின்றது. தாமஸ் கோல்ட் என்பவர், "சுழற்சி என்றால் துடிப்பு மெல்ல மெல்லத் தாமதப்பட வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அளந்தார்கள், தாமதப்பட்டது.

ஒளி தெரிவது மணப்பாட்டுக் கலங்கரை விளக்கம் போல. விளக்கு அணைவதில்லை, கற்றை நம் பக்கம் திரும்பும்போது மட்டும் நமக்குத் தெரிகிறது. கற்றை நம்மைத் தொடாமல் சுற்றுபவை எத்தனையோ.

அந்தக் கற்றை எங்கிருந்து வருகிறது?

காந்தத் துருவங்களிலிருந்து. சுருங்கும்போது சுழற்சி வர்க்கமாகப் பெருகுவதைப் போலவே காந்தப்புலமும் பெருகுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகில் போகிறது. அதனால்தான் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ்; இங்கே பூமியின் காந்தப்புலம் அரை காஸுக்கும் குறைவு. சாதாரண இளம் நியூட்ரான் விண்மீனில் லட்சம் கோடி காஸ். அப்படிப்பட்ட காந்தம் நொடிக்கு முப்பது முறை சுழன்றால் அதுவே ஒரு மின் ஆக்கி.

பம்பரம் போல ஒருநாள் தள்ளாடி நின்றுவிடுமா?

குறையும், ஆனால் அவசரமில்லை. நண்டு நெபுலா விண்மீனின் சுற்று நேரம் ஒரு நாளைக்கு, ஒரு நொடியை 100 கோடிப் பங்காக்கினால் அதில் 36 பங்கு வீதம் நீள்கிறது. ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் இப்படி இழக்கும் ஆற்றல் சூரியனின் ஒளியைப் போல் ஒரு லட்சம் மடங்கு. அந்த நெபுலாவே இந்தப் பணத்தில்தான் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது. அந்த விண்மீன் வெடித்ததைச் சீனர்கள் 1054இல் பகலிலேயே பார்த்து எழுதி வைத்தார்கள். வயது பூமிக் கணக்கில் ஆயிரம்கூட ஆகவில்லை, வேகம் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிட்டது. மூத்தவை நொடிக்கு ஒரு சுற்று என்று தளர்ந்துவிடும். 76 நொடிக்கு ஒரு முறை சுற்றும் ஒன்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

இடையில் ஒரு வேடிக்கை. வேலா என்ற இன்னொரு நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 11 முறை சுற்றுகிறது. சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திடீரென்று கொஞ்சம் வேகம் பிடிக்கிறது, பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு. மேலோடு தளர்ந்தாலும் உள்ளே உராய்வில்லாத திரவம் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதாகவும், பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அது ஒருநாள் மேலோட்டுக்கு ஓர் உதை கொடுப்பதாகவும் விளக்குகிறார்கள். ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி இந்த உதைகளைக் கண்காணிக்கும் கருவிகளில் ஒன்று.

நொடிக்கு 700 முறை சுற்றுவதும் உண்டு என்று படித்தேன். அது பிறவியிலேயே அப்படியா?

இல்லை. அது கிழவன் திரும்ப இளைஞனான கதை. 1982இல் நொடிக்கு 642 முறை சுற்றும் ஒன்று கிடைத்தது. 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட இன்னொன்று 716 முறை; இதுவரை உறுதியானவற்றில் அதுதான் முதலிடம். அதன் நடுக்கோடு நொடிக்கு 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இவற்றின் காந்தப்புலம் மெலிந்தது. வயது மிக அதிகம். தளர்ந்துபோன நியூட்ரான் விண்மீனுக்குப் பக்கத்தில் ஒரு துணை விண்மீன் இருந்தால், அதன் வாயு சுழன்று சுழன்று இதன்மேல் விழும். கோயில் கொடையில் குடைராட்டினத்தைப் பக்கத்தில் ஓடி ஓடித் தள்ளிவிடும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் தள்ளினால் வேகம் வராதா? 1998இல், வாயு விழுந்துகொண்டிருக்கும்போதே நொடிக்கு 401 முறை சுற்றும் ஒன்றை எக்ஸ் கதிரில் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

642 என்பது காதுக்குக் கேட்கும் சுருதி. அந்தத் துடிப்பை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் தட்டல் கேட்காது. ஒரே சுரம்தான் கேட்கும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பழகிய ஊருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு வேகம் வரை போகலாம்?

நொடிக்கு 1,500 சுற்றுக்குப் பக்கத்தில் போனால் நடுக்கோட்டில் உள்ள பொருளை ஈர்ப்பால் பிடித்து வைக்க முடியாது. ஆனால் அந்த எல்லையை ஒட்டி ஒன்றுகூடச் சிக்கவில்லை. 700ஐத் தாண்டியதும் ஏதோ தடுக்கிறது.

கருந்துளையும் சுற்றுமா? அதற்கு மேற்பரப்பே இல்லையே!

சுற்றும். மேற்பரப்பு இல்லாததால் சுற்றியுள்ள வெளியையே இழுத்துக்கொண்டு சுற்றும். 1963இல் ராய் கெர் அதற்கான சமன்பாட்டைத் தீர்த்தார். 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையில் (வெளியில் பரவும் ஈர்ப்பு அதிர்வில்) பிடிபட்ட, இரண்டு கருந்துளைகளின் இணைப்பில் பிறந்த கருந்துளை, உச்ச வரம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் சுற்றியது.

இதனால் ஜாதகத்துக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?

இல்லை.

நம் ஊரிலிருந்து எதைப் பார்க்கலாம்?

தை மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில், ரிஷபத்தின் கொம்பு நுனியில் நண்டு நெபுலா ஏறக்குறைய உச்சியில் இருக்கும். என் தொலைநோக்கியில் ஊதிவிட்ட புகை போலத் தெரியும். நடுவில் உள்ள விண்மீன் தெரியாது. மாசியில் இரவு பத்து மணிக்குத் தெற்கே திரும்புங்கள். தாழ்வாகப் பளிச்சென்று நிற்பது அகத்திய விண்மீன். அதற்கு இடது பக்கம், சற்று மேலே வேலா இருக்கும் இடம். வடக்கே இருப்பவர்களுக்கு அது தொடுவானத்தில் ஒளிந்துகொள்ளும். நமக்கு 36 டிகிரி உயரத்தில் கிடைக்கும். அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் விரலை நீட்ட, "எங்கே அண்ணாச்சி?" என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் அது பதினோரு சுற்றுச் சுற்றியிருக்கும்.